அழுகும் சரக்கின் கணக்கு: பாசிர் பாஞ்சாங்கில் ஒரு நிகழ்வு ஆய்வு

2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. வெங்காய ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்ட செய்தி விடியலுக்கு முன்பே சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்கு வந்துவிட்டது. என் அக்கா மகள் வேலை பார்த்த இறக்குமதிக் கடையில் அன்று காலை உணவகக்காரர்கள் நாலைந்து பேர் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மூட்டை கேட்டார்கள். முதலாளி பழைய விலைக்கே தூக்கிக் கொடுத்தார். கணக்கு மேசையில் இருந்தவள் எழுந்து வந்து, "அங்கிள், அடுத்த கண்டெய்னர் என்ன விலைக்கு வரும்னு தெரியாம இதை வித்துடலாமா?" என்று கேட்டாள்.

"வாங்கின விலை தெரியும்ல? அதுக்கு மேல வித்தா லாபம். இதுல என்னம்மா இருக்கு?"

அவர் சொன்னது தப்பில்லை. அவள் கேட்டதும் தப்பில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

கடைக்கும் ஆட்களுக்கும் பெயர் சொல்லப்போவதில்லை. தொகைகளை முழு எண்ணாக்கி மாற்றியிருக்கிறேன், விகிதம் மட்டும் ஏறக்குறைய அதேதான். நான் இருபத்தெட்டு வருடமாக உணவு இறக்குமதிக் கணக்குகளோடு மல்லுக்கட்டி வருபவன். இந்த வேலைக்குப் போகாதே என்று அவளிடம் சொன்ன ஆளும் நான்தான். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கடையும் ஆளும்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்று வருடம் கணக்கியல் பட்டயம் படித்தாள். கூடப் படித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கும் தணிக்கை நிறுவனங்களுக்கும் போனபோது இவள் காய்கறி மொத்தக் கடைக்குப் போகிறேன் என்றாள். "மூணு வருஷம் படிச்சது மூட்டை எண்ணவா?" என்று கேட்டேன். "தணிக்கைக்குப் போனா அடுத்தவங்க எழுதின கணக்கைச் சரிபார்க்கணும் மாமா. இங்க நானே எழுதலாம்" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அக்காவுக்கு மட்டும் மகள் விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து போவது கடைசிவரை பிடிக்கவில்லை.

கடை இருபது வருடக் குடும்ப வியாபாரம். பாசிர் பாஞ்சாங்கில் மொத்தக் கடை, லிட்டில் இந்தியாவில் ஒரு சில்லறைக் கடை, பன்னிரண்டு ஊழியர்கள். பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு கடல்வழி வரும். முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழையிலை போன்றவை சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் விமானத்தில் வரும். மாத விற்பனை 400,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

சிங்கப்பூரில் ஆண்டு வருவாய் 10 மில்லியன் வெள்ளிக்கு மிகாமல், மொத்தச் சொத்து 10 மில்லியனுக்கு மிகாமல், ஊழியர் 50 பேருக்கு மிகாமல் என்ற மூன்றில் இரண்டு பொருந்தும் தனியார் நிறுவனம் பொதுவாகத் தணிக்கை செய்ய வேண்டியதில்லை. இந்தக் கடைக்கு மூன்றுமே பொருந்தின. அதனால் இருபது வருடத்தில் வெளியாள் ஒருவர்கூட வந்து சரக்கிருப்பை எண்ணிப் பார்த்ததில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொருள் சேவை வரிப் படிவம் போட ஒரு பகுதிநேரக் கணக்கர் வருவார். அவர் ரசீதுகளைக் கூட்டுவார், குளிர் அறைப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்.

கடையின் நோய் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மாதக் கடைசியில் பணம் இருக்காது. சம்பளத்துக்கு வங்கி மிகைப்பற்று (ஓவர்டிராஃப்ட்), சில மாதங்களில் முதலாளியின் வீட்டு நகை. "விற்பனை இருக்கு, லாபம் இருக்கு, பணம்தான் இல்ல" என்பது அவருடைய வாய்ப்பாடு. வெங்காயத்தில் 28 விழுக்காடு லாபம் வருவதாக அவர் உறுதியாக நம்பினார்.

குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தராசு

அந்த 28 எப்படி வந்தது? ஒரு நாற்பதடிக் கொள்கலனில் 28,000 கிலோ. சரக்கு விலை, கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்துக் கிலோ 60 காசு. விற்பது 84 காசு. வித்தியாசம் 24 காசு. 24ஐ 84ஆல் வகுத்தால் 28 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு கொள்கலனுக்கு 6,720 வெள்ளி. அவர் மனக்கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது கப்பலிலேயே நின்றுவிட்ட கணக்கு. துறைமுகத்தைத் தாண்டிய பிறகு நடப்பது எதுவும் அதில் இல்லை.

செப்டம்பரில் சேர்ந்தவள் முதலில் ஒவ்வொரு கொள்கலனுக்கும் ஓர் எண் கொடுத்தாள். அந்த எண்ணின் கீழ் துறைமுகக் கட்டணம், லாரி வாடகை, இறக்கும் கூலி, அனுமதிச் சீட்டுக் கட்டணம், குளிர் அறை வாடகையில் அதன் பங்கு எல்லாவற்றையும் எழுதினாள். அது 2,400 வெள்ளி. ஆக அடக்கம் 16,800 அல்ல, 19,200.

அடுத்து அவள் செய்ததுதான் இந்த ஆய்வின் மையம். ஒரு பழைய தராசைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வெங்காயத்துக்குக் காற்றோட்டமும் வறட்சியும் வேண்டும். இங்கேயோ காற்றே நனைந்திருக்கும். மூட்டை இறங்கியதும் ஒரு பங்கு அழுகலாகப் போகும், ஒரு பங்கு முளைவிடும், மிச்சம் தோல் உதிர்ந்தும் ஈரம் வற்றியும் எடை குறையும். ஸ்டோரில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கும் தஞ்சாவூர்க்கார அண்ணன் மூட்டையைத் தூக்கிப் பார்த்தே இது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அவர் மண்டையில் இருந்த கணக்கை யாரும் காகிதத்துக்குக் கொண்டுவரவில்லை. அழுகியதைப் பொறுக்கி வீசுவார்கள், வீசியதை எடை போடமாட்டார்கள். முதல் வாரம் அவர்கள் இவளைப் பார்த்துச் சிரித்தார்கள். "குப்பைக்கும் பில் போடப் போறியா?" மூன்றாவது வாரம் அந்த அண்ணனே எடையைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைக்க ஆரம்பித்தார்.

கழிவு 9 விழுக்காடு. கோயில் அன்னதானத்துக்குப் போன மூட்டைகளும் அதில் அடக்கம், அவற்றுக்கு எங்கேயும் ரசீது இல்லை. 28,000 கிலோவில் விற்கத் தேறியது 25,480. அதிலும் கடைசி 3,000 கிலோ தளர்ந்துபோய் 50 காசுக்குத் தள்ளப்பட்டது. 84 காசுக்குப் போனது 22,480 கிலோ. வரவு 18,883 வெள்ளியும் 1,500 வெள்ளியும், ஆக மொத்தம் 20,383. அடக்கம் 19,200 போக மிச்சம் 1,183.

விழுக்காட்டில் 6கூட இல்லை. இன்னும் சம்பளமும் கடை வாடகையும் கழிக்கவில்லை.

எக்செல் தாளைப் பார்த்த முதலாளி சிறிது நேரம் பேசவில்லை. அப்புறம், "உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குகூட மிஞ்சாதுன்னு சும்மாவா சொன்னாங்க? அதனாலதான் நான் பார்க்கிறதே இல்ல" என்றார். அவள் என்னிடம் இதைச் சொல்லிச் சிரித்தாள். கணக்குப் பார்க்காமல் இருப்பதற்கு எத்தனையோ பேர் இந்தப் பழமொழியைச் சாக்காகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உழக்கு மிஞ்சவில்லை என்று தெரிய வேண்டுமானால் யாரோ ஒருத்தன் உழக்கை எடுத்து அளந்திருக்க வேண்டுமே!

படித்ததில் எது உதவியது என்று கேட்டேன். செலவினக் கணக்கியலில் இயல்பு நட்டம், அசாதாரண நட்டம் என்று ஒரு பாடம் உண்டு. பாடப்புத்தகத்தில் அது ஏதோ ரசாயன ஆலையில் ஆவியாகிப் போகும் திரவமாக வரும். இயல்பான நட்டத்தைத் தேறிய சரக்கின் மேல் ஏற்ற வேண்டும், அசாதாரண நட்டத்தைத் தனியே நட்டமாக எழுத வேண்டும். தேர்வுக்கு மனப்பாடம் செய்த அதே பாடம்தான் வெங்காயம் என்றாள். 9 விழுக்காடு இயல்பு. குளிர்பதனம் பழுதாகி ஒரு நாள் முழுக்க வெந்துபோன அக்டோபர் கொள்கலன் அசாதாரணம். இரண்டையும் கலந்தால் விலை போடவும் முடியாது, காப்பீடு கேட்கவும் முடியாது.

ஒரு இடத்தில் அவள் தடுமாறினாள், நான் திருத்தினேன். குளிர் அறை வாடகையை அவள் ஆண்டுக் கணக்கிலும் சரக்கிருப்பு மதிப்பில் சேர்த்துவிட்டாள். சிங்கப்பூரின் நிதி அறிக்கைத் தரநிலைகளில் (எஃப்ஆர்எஸ்) சரக்கிருப்புக்கான எஃப்ஆர்எஸ் 2 அதற்கு இடம் தராது. உற்பத்தியின் அடுத்த கட்டத்துக்கு அவசியமாக இருந்தால் ஒழிய, சேமிப்புச் செலவு அந்தந்தக் காலத்துச் செலவுதான். விலை போடும்போது வாடகையைச் சேர்க்காவிட்டால் கடை மூழ்கும், ஆண்டுக் கணக்கில் சேர்த்தால் கணக்கு தப்பு. இந்த இரட்டைப் பார்வை வகுப்பில் வராது. ஒரு தடவை அடிபட்டால்தான் வரும்.

தடை வந்த மாதம்

டிசம்பர் தடைக்கு முன் கிளம்பிய ஒரு கொள்கலன் அப்போது கடலில் இருந்தது. தடைச் செய்தியோடு சந்தை விலை ஏறியது. முதல் இரண்டு நாள் பழைய விலைக்குக் கொடுத்த முதலாளி மூன்றாம் நாள் விழித்துக்கொண்டார். அந்தக் கொள்கலன் சராசரியாகக் கிலோ 1.20 வெள்ளிக்குப் போனது. 25,480 கிலோவுக்கு 30,576 வெள்ளி. அடக்கம் அதே 19,200. லாபம் 11,376. ஒரே கொள்கலனில் கடை பார்த்த மிகப் பெரிய லாபம்.

அவர் 8,000 வெள்ளியை எடுத்து, பொங்கலுக்குள் கூரை மாற்றச் சொல்லி ஊருக்கு அனுப்பினார். லாபம் வந்தால் எடுப்பதற்குத்தானே வியாபாரம் என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

ஆனால் இந்தியச் சரக்கு இல்லாமல் அடுத்த கொள்கலனை வேறு நாட்டிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. கிலோ 1.10 வெள்ளி, 30,800. உள்ளூர்ச் செலவு 2,400. ஆக 33,200. பழைய கொள்கலன் முழுவதையும் விற்ற பணத்தைவிட 2,624 அதிகம். போதாக்குறைக்கு 2024 ஜனவரி 1 முதல் பொருள் சேவை வரி 8இலிருந்து 9 விழுக்காடு ஆனது. இங்கே வெங்காயத்துக்குச் சுங்கத் தீர்வை கிடையாது, ஆனால் இறக்குமதியின்போது பொருள் சேவை வரி உண்டு, உணவுப் பொருளுக்கும் விலக்கில்லை. 30,800க்கு 2,772 வெள்ளி. பதிவு பெற்ற கடை இதைப் பின்னால் திரும்பப் பெறலாம் என்பதால் செலவாக எழுதுவதில்லை. ஆனால் கையிலிருந்து இன்றைக்கே போக வேண்டும், காலாண்டுப் படிவம் போட்ட பிறகுதான் திரும்பி வரும்.

புது விற்பனையாளர் முன்பணம் கேட்டார். உணவகங்கள் 45 நாள் கடனில் எடுக்கிறவை. டிசம்பர் லாபத்தில் பெரும்பங்கு இன்னும் அவர்கள் தர வேண்டிய பாக்கிப் பட்டியலில்தான் உட்கார்ந்திருந்தது. சரித்திரத்திலேயே அதிக லாபம் பார்த்த மாதத்துக்கு அடுத்த மாதம், சம்பளம் ஆறு நாள் தள்ளிப் போனது.

இந்த 11,376 பொய்யில்லை. பழைய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் அது, கணக்கு விதிப்படி லாபம்தான். ஆனால் அதே அளவு சரக்கை மறுபடி வாங்கி அடுக்க முடியவில்லை என்றால் வியாபாரம் அந்த அளவு சுருங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். டிசம்பர் 8 காலையில் அவள் கேட்ட கேள்வி இதுதான்.

தடைக்குப் பிறகு அவள் செய்த வேலை பளபளப்பானது இல்லை. பதின்மூன்று வாரத்துக்கு ரொக்க வரவு செலவு முன்கணக்கு ஒன்று போட்டாள், ஒவ்வொரு திங்களும் திருத்தினாள். 45 நாள் கடனை 21 நாளாகக் குறைத்தால் ஒரு காசு தள்ளுபடி என்று உணவகங்களோடு பேசவைத்தாள். தளர ஆரம்பிக்கும் வெங்காயத்தைக் கடைசி நாள் வரை வைத்திருக்காமல், உரித்து விற்கும் ஆட்களுக்கு முன்கூட்டியே ஒரு விலைக்குக் கொடுத்தார்கள். இந்திய அரசின் வெளிநாட்டு வணிக அறிவிக்கைகளை வாசிப்பதும் அவள் வேலையாகிவிட்டது. அது வீண்போகவில்லை. 2024 மே மாதம் தடை நீங்கியபோது, இனி விலை பழைய மாதிரி இறங்கிவிடும் என்று சந்தையில் பேச்சு. டன்னுக்குக் குறைந்தபட்சம் 550 அமெரிக்க டாலர், அதோடு 40 விழுக்காடு ஏற்றுமதித் தீர்வை என்ற நிபந்தனையை அவள் வாசித்திருந்தாள். முதலாளி இரண்டு கொள்கலனுக்குப் பதில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் ஊரில் இது வெங்காயத்தோடு முடிகிற கதையில்லை. 2022 ஜூன் 1 அன்று மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது கோழிச்சோற்றுக் கடைகள் பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தோம்.

அரிசி வாங்கலாமா?

தடைக்கு நடுவில் முதலாளிக்கு ஒரு யோசனை. வெங்காயம் அழுகும், அரிசி அழுகாது, பொன்னி இறக்குமதி செய்தால் என்ன?

2023 ஜூலை 20 அன்று இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியையும் நிறுத்தியிருந்தது. சிங்கப்பூருக்காக 50,000 டன்னுக்குத் தனி அனுமதி ஆகஸ்ட் இறுதியில் வந்தது. அதைவிட முக்கியமானது நம் ஊரின் அரிசிக் கையிருப்புத் திட்டம். வெள்ளை அரிசி, பாசுமதி, பொன்னி, புழுங்கல் இறக்குமதி செய்பவர் தம் மாத இறக்குமதியைப்போல் இரு மடங்கை எப்போதும் கிடங்கில் வைத்திருக்க வேண்டும். அரிசி அவருடையதுதான். நெருக்கடி வந்தால் இழப்பீடு கொடுத்து அரசு எடுத்துக்கொள்ளலாம். மாதம் 50 டன் என்றால் 100 டன் எப்போதும் தூங்கும். டன் 1,000 வெள்ளி என்று வைத்தாலும் 100,000 வெள்ளி முடக்கம். ஐந்தொகையில், அதாவது சொத்தையும் கடனையும் பட்டியலிடும் தாளில், அது நடப்புச் சொத்து, சீக்கிரம் பணமாகும் சொத்து என்று பெயர். ஆனால் அடியில் கிடக்கும் அந்த அடுக்கு என்றைக்கும் பணமாக மாறாது, பழையது போய்ப் புதியது வந்து நிற்கும். மாதக் கடைசியில் நகையை வைக்கும் கடைக்கு இது தாங்காது என்று அவள் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். யோசனை அத்தோடு நின்றது.

ஐந்தொகை என்ற சொல்லை அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் வட்டிக்குக் கடன் கொடுத்த கிட்டங்கிகளில் செட்டியார்கள் எழுதிய கணக்கில் வரும் சொல். அங்கே பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, அடுத்தாளாக உயர்ந்து கணக்குப் படித்தார்கள். பள்ளிக்கூடத்தில் மூன்று வருடமும் குப்பைத் தொட்டிப் பக்கத்தில் ஒன்றரை வருடமும் படித்த இவளுக்கும் அவர்களுக்கும் ஏதோ உறவு இருப்பதாக எனக்குத் தோன்றும். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மரத்துக்கு ஒரு நியாயம், கோழிக்கு ஒரு நியாயம்

2025 தொடக்கத்தில் வடமேற்கே ஒரு முட்டைப் பண்ணையில் கணக்கு வேலைக்கு மாறினாள். அழுகும் சரக்கிலிருந்து வளரும் சரக்குக்கு. இங்கே விதியே வேறு.

உயிருள்ள விலங்கும் செடியும் வேளாண்மைக்கான எஃப்ஆர்எஸ் 41இன் கீழ் வரும். வாங்கிய விலையில் அல்ல, இன்றைய நியாய மதிப்பில், அதாவது இன்று சந்தையில் விற்றால் கிடைக்கும் விலையில், விற்கும் செலவைக் கழித்து எழுத வேண்டும். மதிப்பு ஏறினால், விற்காவிட்டாலும் அந்த ஏற்றம் லாப நட்டக் கணக்குக்குப் போகும். சந்தை விலை கிடைக்காத, வேறு வழியிலும் நம்பகமாக மதிப்பிட முடியாத உயிரினத்துக்கு மட்டும், முதலில் பதியும்போதே அடக்க விலையில் எழுதித் தேய்மானம் கழித்துக்கொண்டு போக வழி உண்டு. இடப்பட்ட முட்டையைப் பொறுக்கிய கணத்தில் அது விளைபொருள். அப்போதைய நியாய மதிப்போடு எஃப்ஆர்எஸ் 2க்குத் தாவிவிடும்.

முதல் வாரமே போன் பண்ணினாள். "மாமா, எண்ணெய்ப்பனை மரமும் வருஷக்கணக்கா காய்க்குது, கோழியும் முட்டை போடுது. 2016லேருந்து மரத்தை மட்டும் இயந்திரம் மாதிரி தேய்மானம் போட்டு எழுதலாமாம், கோழிக்குக் கிடையாதாம். மரத்துக்கு ஒரு நியாயம், கோழிக்கு ஒரு நியாயமா?"

கேள்வி நியாயமானது. காய்ப்பதற்கென்றே வளர்க்கும் தாவரங்களை 2016 ஜனவரி 1 முதல் நிலையான சொத்துக்கான விதிக்கு மாற்றிவிட்டார்கள். மரத்தில் தொங்கும் பழம் மட்டும் இன்னும் 41இல்தான். விலங்குகளுக்கு அந்தச் சலுகை இல்லை, காரணம் கோழியை நாளைக்கே இறைச்சிக்கு விற்கலாம், சந்தை இருக்கிறது. ஆனால் முட்டையிட்டு ஓய்ந்த கோழிக்கு என்ன விலை கிடைக்கும் என்று பண்ணைக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

கணக்கின் வடிவம் இப்படி. குஞ்சாக வந்ததிலிருந்து பதினெட்டு வாரம்வாக்கில் முட்டையிடும் வரை வெறும் செலவு. அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் வரவு. செலவில் பெரும்பங்கு தீவனம், அதாவது இறக்குமதியான சோளமும் சோயாவும். ஆக முட்டை சிங்கப்பூருடையது, அதன் விலை சிகாகோ சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

நியாய மதிப்பு என்பது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு நம் பங்குச் சந்தையிலேயே ஒரு கதை உண்டு. 1989இல் நைஜீரியாவில் தொடங்கி, பிறகு சிங்கப்பூரைத் தலைமையிடமாக்கிக்கொண்ட ஓலாம் என்ற வேளாண் பொருள் வணிக நிறுவனத்தை 2012 நவம்பரில் மடி வாட்டர்ஸ் (Muddy Waters) என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் கடுமையாக விமர்சித்தது. கையில் ரொக்கமாக வராத உயிரியல் சொத்து (வளரும் மரம், விலங்கு) ஆதாயங்களை லாபத்தில் காட்டியதும் அந்த விமர்சனங்களில் ஒன்று. ஓலாம் அதை முழுமையாக மறுத்தது. பங்கு விலை ஆட்டம் கண்டது, சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக் துணைக்கு நின்றது, 2014இல் தெமாசெக் தலைமையில் பங்குகளை வாங்க முன்வந்தார்கள். யார் சொன்னது சரி என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. பாசிர் பாஞ்சாங் முதலாளியின் 11,376 வெள்ளியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி அவளுக்கு அனுப்பினேன், அவ்வளவுதான்.

உள்ளூர்ப் பண்ணைகளின் கதைக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்போம் என்று 2019இல் இலக்கு வைத்தோம். 2025 நவம்பரில் அது மாற்றப்பட்டு, 2035க்குள் நார்ச்சத்துப் பொருள்களில் 20 விழுக்காடு, புரதத்தில் 30 விழுக்காடு என்று ஆனது. இடையில் அடுக்குமாடிக் கீரைப் பண்ணைகள் சில தொழிலைக் கைவிட்டன. ஒரு கிலோ கீரை மேல் ஏறும் மின்கட்டணத்தையும் விளக்கு, இயந்திரத் தேய்மானத்தையும் எழுதிவிட்டு, பக்கத்தில் மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து லாரியில் வரும் கீரையின் விலையை எழுதிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். முட்டை தாக்குப்பிடிப்பதும் அதே வரிகளில் தெரியும்.

படிப்பு

வேளாண் உணவுத் துறைக்குப் போகிறவருக்கு என்ன படிப்பு என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள், ஏதோ நான் வழிகாட்டிய மாதிரி. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ கணக்கியல் எடுத்து ஆரம்பிக்கலாம். பட்டத்துக்கு நன்யாங், தேசியப் பல்கலைக்கழகம், நிர்வாகப் பல்கலைக்கழகம் என்று இடங்கள் இருக்கின்றன. இவள் வேலை பார்த்துக்கொண்டே சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் படிக்கிறாள். அதற்குப் பிறகு சிங்கப்பூர் பட்டயக் கணக்காளர் தகுதியா, பிரிட்டனின் கணக்காளர் தகுதியான ஏசிசிஏவா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இரண்டுக்கும் மூன்றாண்டு வேலை அனுபவம் வேண்டும். வில்மர், ஓலாம் போன்ற பெரிய வணிகர்களிடம் போக நினைப்பவர் சரக்கு முன்பேர ஒப்பந்தம், அந்நியச் செலாவணி, கடன் உறுதிக் கடிதம் இவற்றை ஆழமாகப் படிக்கட்டும். அங்கே தரகு வணிகரின் சரக்கிருப்பைச் சந்தை மதிப்பிலேயே எழுதலாம், எஃப்ஆர்எஸ் 2இல் அதற்கு விலக்கு உண்டு.

செலவினக் கணக்கியலைத் தேர்வோடு மறந்துவிடுகிறவர்களுக்கு இந்தத் துறை சரிப்படாது என்பது என் அபிப்பிராயம். தமிழும் ஒரு தகுதிதான். ஒட்டன்சத்திரத்து விற்பனையாளர் அனுப்பிய சீட்டில் சாக்கு எடைக் கழிவு இரண்டு முறை போட்டிருந்ததை, அவரோடு தமிழில் இருபது நிமிடம் பேசித்தான் அவள் கண்டுபிடித்தாள். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் போட்டிருந்தால் இன்னும் பதில் வந்திருக்காது.

பழைய கடையில் தராசு இன்னும் குப்பைத் தொட்டிப் பக்கத்தில்தான் இருக்கிறதாம். முதலாளி புதிதாக ஒரு பையனைக் கணக்குக்கு வைத்திருக்கிறார். நகையை மீட்டுவிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவளுக்குப் போன் போட்டேன். பண்ணைக்குள் நுழையும் முன் கிருமிநாசினித் தொட்டியில் பூட்ஸை நனைத்துக்கொண்டிருந்தாள். இறப்பு ஏட்டைச் சரிபார்க்கும் நாள் அது.

"இன்னைக்கு நானே எண்ணினேன் மாமா. செத்தது 14. ஏட்டுல 11தான் எழுதியிருக்கு."

"மூணு எங்க?"

"அதைத்தான் கேட்கப் போறேன். அப்புறம் கூப்பிடுறேன்."